மொட்டை மாடியிலிருந்து பார்க்கச் சொன்ன விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டில் எங்கள் ஊர்ப் பொட்டலில் ஆண்டுதோறும் மின்னொளி எழுவர் கால்பந்துப் போட்டி நடத்தும் விழாக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்:

இந்த ஆண்டுப் போட்டிக்கான நோட்டீசைப் படித்தேன். பரிசுத் தொகையும் நன்கொடையாளர் பெயர்களும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கீழே, அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: "இட நெருக்கடி மற்றும் பாதுகாப்புக் கருதி இவ்வாண்டு பெண்களுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. தாய்மார்கள் அருகிலுள்ள மாடிகளிலிருந்தும் யூடியூப் நேரலையிலும் ஆட்டங்களைக் கண்டுகளிக்கலாம்."

இதை முடிவு செய்த கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விசாரித்திருக்கவே வேண்டியதில்லை, குறிப்பின் வாசகமே சொல்லிவிடுகிறது. உங்களில் நான்கைந்து பேருக்கு நான் சமூக அறிவியல் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த உரிமையை இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. டிக்கெட் வாங்கிப் போட்டி பார்க்கிற ஒரு பார்வையாளராகவே எழுதுகிறேன்.

முதலில் போன ஆண்டு இறுதி ஆட்டம். நீங்கள் அதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் மறந்துவிட்டவர்கள்போல் நோட்டீஸ் அடித்திருக்கிறீர்கள். தெற்குப் பக்கக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் சவுக்குக் கட்டை நட்டுக் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் பெண்களை நிற்கவைத்தீர்கள். உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது. விளக்குகள் எல்லாம் மைதானத்தைப் பார்த்திருந்தன. எங்கள் முதுகுப் பக்கம் கும்மிருட்டு. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த இருட்டிலிருந்து, குடித்துவிட்டு வந்திருந்த சிலர் தண்ணீர் பாக்கெட்டுகளை எங்கள்மீது வீச ஆரம்பித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் முகத்தில் ஒரு பாக்கெட் அடித்து உடைந்தது. அவள் பள்ளி அணியில் ஆடுகிறவள். அன்று ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வந்திருந்தாள். அவளுடைய அம்மா கத்தினார். நாங்களும் கத்தினோம். ஆட்டம் ஒரு நிமிடம் நின்றது.

அப்போது மைக்கில் வந்த அறிவிப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தாய்மார்கள் தயவுசெய்து வீடுகளுக்குச் செல்லவும். ஆட்டத்துக்கு இடையூறாக இருக்கிறது."

வீசியவர்களைப் பற்றி அந்த மைக்கில் ஒரு சொல் வரவில்லை. அவர்கள் பரிசளிப்பு முடியும்வரை இருந்தார்கள். ஒருவர் வெற்றி பெற்ற அணியோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார். நாங்கள்தான் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வீடு திரும்பினோம். ஓர் ஆண்டு யோசித்து அந்த இரவிலிருந்து நீங்கள் கண்டுபிடித்த பாடம், பெண்களுக்கு இடம் கொடுத்தால் பிரச்சினை வரும் என்பது.

நீங்கள் கைகாட்டிய மாடிகளைப் பற்றியும் பேசிவிடலாம். பொட்டலைச் சுற்றி மாடி வைத்த பெரிய வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. வெளியூர்க்காரர்கள் வந்து வாசலில் நின்று படம் எடுத்துப்போகும் வீடுகள். பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன. உரியவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் கதவு திறக்கும். மற்ற நாள்களில் சாவி காவல்காரரிடம். அவர் யாருக்குக் கதவைத் திறப்பார், எந்தத் தெருப் பெண்ணை மாடிப்படி ஏறவிடுவார், யாரை வாசலோடு திருப்பி அனுப்புவார் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கயிற்றுக்குப் பின்னால் நின்றபோது அந்தக் கணக்கு இல்லை. எல்லாத் தெருப் பெண்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். ஊரில் அப்படி நிற்கக் கிடைக்கிற இடங்கள் குறைவு. இருந்த ஒன்றையும் இந்தப் பொடி எழுத்துக் குறிப்பு மூடிவிட்டது.

முகப்பும் பட்டாலையும் ஆண்களுக்கு, இரண்டாம் கட்டும் அடுப்படியும் பெண்களுக்கு என்று நம் பக்கத்துப் பெரிய வீடுகளைக் கட்டினார்கள். அந்த வீட்டு ஆண்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கப்பலேறிப் போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாதிருந்தபோது, நிலத்தையும் வரவுசெலவையும் கோயில் முறையையும் பார்த்துக்கொண்டவர்கள் அதே இரண்டாம் கட்டுப் பெண்கள்தான். வீடே இப்போது பூட்டிக் கிடக்கிறது. அந்த வீட்டின் தடுப்புச் சுவரை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து பொட்டலில் நடவேண்டிய அவசியம் என்ன?

யூடியூப் நேரலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போன ஆண்டு நேரலையில் பந்து தெரிந்ததாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை. சிறப்பு விருந்தினரின் பொன்னாடை நன்றாகத் தெரிந்தது.

இனி, நான் கத்தாரில் பார்த்த ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாடு போய்வந்த பெருமை பேசுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெண்கள் கலந்த கூட்டத்தை எப்படி நடத்துவது என்று தெரியாததுதான் உங்கள் சிக்கல் என்றால், அதை நடத்திக் காட்டிய ஓர் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகன் தோஹாவில் வேலை பார்க்கிறான். இதே பொட்டலில் வெறுங்காலில் ஆடியவன். உங்களில் சிலரோடு ஆடியவன். 2024 ஜனவரியில் நான் அங்கே இருந்தபோது ஆண்கள் கால்பந்து ஆசியக் கோப்பை நடந்தது. ஜனவரி 13, சனிக்கிழமை, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, இந்தியாவின் முதல் ஆட்டம் ஆஸ்திரேலியாவோடு. இடம் அல் ரய்யானில் உள்ள அகமது பின் அலி அரங்கம். அந்தப் போட்டித் தொடரின் டிக்கெட் விலை 25 ரியாலில் தொடங்கியது, நம் பணத்தில் அறுநூறு ரூபாய்க்குள். மகன், மருமகள், பேத்தி, நான் என்று நால்வரும் மெட்ரோவில் போனோம். ரயிலில் குடும்பங்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. அல் ரிஃபா நிலையத்தில் இறங்கினால் அரங்கம் எதிரிலேயே தெரிகிறது. அங்கிருந்து வாயில்வரை நடக்கிற பாதையில் எத்தனை ஆயிரம் பேர்! நீலச் சட்டைகள், மத்தளங்கள், தோளில் குழந்தைகள். பாதிக்கு மேல் மலையாளிகள். தமிழ்ப் பேச்சும் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

வாயிலில் பெண்களைச் சோதிக்கத் தனி வரிசை. அதில் பெண் பணியாளர்கள். உள்ளே போனதும் என் கண் முதலில் தேடியது புல்தரையை அல்ல என்பதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். கழிப்பறை எங்கே என்று காட்டும் பலகையைத் தேடினேன். நம் ஊரில் பொட்டலுக்குப் போகிற நாளில் பெண்கள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். திருவிழா, கட்சிக் கூட்டம், பட்டிமன்றம் எதுவாக இருந்தாலும் அப்படித்தான். உடம்பு அதற்குப் பழகிவிட்டது. அங்கே பலகை இருந்தது, பலகை காட்டிய இடத்தில் கழிப்பறையும் இருந்தது, அதில் தண்ணீரும் வந்தது. அதன்பிறகுதான் ஆட்டம் பார்க்க வந்திருக்கிறோம் என்கிற நிம்மதியே எனக்கு வந்தது. ஆண்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அடுத்த முறை நீங்கள் ஐந்து மணி நேரம் பொட்டலில் நிற்கும்போது எத்தனை முறை மதில் பக்கம் ஒதுங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

டிக்கெட்டில் இருந்த எண்ணுள்ள இருக்கை எனக்காகக் காத்திருந்தது. எனக்கு ஒரு பக்கம் பேத்தி, மறுபக்கம் கண்ணூர்க்காரர் ஒருவர். அவர் எனக்குத் தெரியாத மொழியில் என்னோடு ஆட்டம் முழுவதும் பேசினார். எனக்கு எல்லாம் புரிந்தது. முதல் பாதியில் குறுக்கே வந்த ஒரு பந்தை நம் அணித் தலைவர் சுனில் சேத்ரி தலையால் முட்டினார். எழுந்து நின்றுவிட்டோம். பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. உட்கார்ந்தபோது கண்ணூர்க்காரர் தலையில் கைவைத்திருந்தார், நானும் வைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவை முதல் பாதியில் கோல் அடிக்கவிடாமல் நம் பிள்ளைகள் தடுத்த விதம் இருக்கிறதே, தோற்ற ஆட்டம் என்றாலும் அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். 50ஆவது நிமிடத்தில் நம் கோல்காப்பாளர் குர்பிரீத் தட்டிவிட்ட பந்து ஆஸ்திரேலியாவின் ஜாக்சன் இர்வினிடம் போய் விழுந்தது; கோல். 73ஆவது நிமிடத்தில் ஜோர்டன் போஸ் இரண்டாவதையும் போட்டார். 0-2. தொலைக்காட்சியில் பார்த்திருந்தால் அந்த இரண்டு கோல்கள்தான் மனதில் நின்றிருக்கும். நேரில் பார்த்தபோது, பந்து எங்கோ இருக்கையில் தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்து வரிசையைச் சரிசெய்துகொண்டே இருந்ததைப் பார்த்தேன். என் பேத்தி பள்ளியில் தடுப்பாட்டம் ஆடுகிறாள். "அப்பத்தா, இது டிவியில் தெரியாது" என்றாள். கயிற்றுக்குப் பின்னால் நின்ற அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் கற்றுக்கொள்ள வந்ததும் இதைத்தான். மாடியிலிருந்து பார்த்தால் விளக்கு தெரியும், கூட்டம் தெரியும், இது தெரியாது.

இரண்டாம் பாதியில் எங்களுக்குச் சில வரிசை பின்னால் ஓர் இளைஞர் எழுந்து கெட்ட வார்த்தைகளில் கத்தத் தொடங்கினார். நம்மவர்தான். சுற்றிலும் பெண்களும் குழந்தைகளும். பணியாளர் ஒருவர் படியேறி வந்தார். குரலை உயர்த்தவில்லை, அவரிடம் குனிந்து ஏதோ சொன்னார், டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் படியிலேயே நின்றுகொண்டார். இளைஞர் உட்கார்ந்துவிட்டார். மொத்தமே இவ்வளவுதான். எங்களை எழுந்து போகச் சொல்லவில்லை. எங்களால்தான் இடையூறு என்று யாரும் ஒலிபெருக்கியில் அறிவிக்கவில்லை.

அந்த ஆட்டத்தின் நடுவர் யார் என்று உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்? ஜப்பானைச் சேர்ந்த யோஷிமி யமஷிதா. 2022 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா தேர்ந்தெடுத்த மூன்று பெண் நடுவர்களில் ஒருவர். ஆண்கள் ஆசியக் கோப்பையில் ஒரு பெண் தலைமை நடுவராக இருந்த முதல் ஆட்டம் அது. கோட்டோரம் கொடி பிடித்த மகோதோ போசோனோ, நவோமி தெஷிரோகி இருவரும் பெண்கள். சேத்ரி வந்து வாதாடினார், யமஷிதா கையைக் காட்டினார், சேத்ரி திரும்பிப் போனார். அரங்கத்தில் சுமார் 35,000 பேர்; இட நெருக்கடி என்று யாரும் மயங்கி விழவில்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். "அது கோடிக்கணக்கில் பணம் கொட்டிக் கட்டிய அரங்கம், நாங்கள் சவுக்குக் கட்டை நடுகிறவர்கள்" என்பீர்கள். சரிதான். அந்தப் பணத்தைப் பற்றியும் எனக்குத் தெரியும், அந்த வெயிலில் அரங்கங்களைக் கட்டியவர்கள் பட்ட பாட்டைப் பற்றியும் தெரியும். கத்தார் பெண்களுக்குச் சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. அந்நாட்டுப் பெண் திருமணம் செய்துகொள்ள ஆண் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்பது இன்றும் அங்கே சட்டம். அப்படிப்பட்ட நாட்டிலேயே ஆட்டம் பார்க்க வந்த பெண்ணுக்கு நாற்காலி இருக்கிறது என்பதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாலையை நிம்மதியாக்கிய எதற்கும் கோடி தேவையில்லை. வெளிச்சமுள்ள பாதை, எண் போட்ட இடம், தண்ணீர் வருகிற கழிப்பறை, தப்பு செய்தவரிடம் போய் நிற்க ஒரு ஆள். நீங்கள் முன்வரிசையில் சிறப்பு விருந்தினர்களுக்குப் போடும் சோபாக்களின் வாடகையில் இதில் பாதி முடிந்துவிடும்.

"கூட்டத்தில் பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை" என்பது இரண்டாவது பதில். மாசி-பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போகும் பெண்களின் கூட்டத்தை நீங்கள் பார்த்ததில்லையா? உங்கள் வீட்டுப் பெண்களும் அதில் போகிறார்கள். வழியெல்லாம் தடுப்புக் கட்டி, தண்ணீர் ஊற்றி, மோர் கொடுத்து, காவலர்களை நிறுத்தி அந்த நெரிசலை ஊரே சேர்ந்து சமாளிக்கிறது. கூட்டம் அதிகம், பெண்கள் மாடியிலிருந்து கும்பிட்டுக்கொள்ளட்டும் என்று யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை. அம்மன் காரியம் என்றால் ஏற்பாடு செய்ய முடிகிறது. கால்பந்து என்றால் முடியாமல் போகிறது. ஏற்பாடு செய்ய மனமில்லாததற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

பாடம் நடத்தியே பழகிவிட்டதால் கொஞ்சம் சரித்திரமும் சொல்லிவிடுகிறேன். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தன்னோடு இணைந்த மைதானங்களில் அவர்கள் ஆடத் தடை போட்டது. தடையை நீக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ஆண்கள் ஆடும் அரங்குகளுக்குள் பெண்களை விடவில்லை. ஆண்கள் பேசும் கெட்ட வார்த்தைகள் பெண்கள் காதில் விழக்கூடாது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. உங்கள் காரணத்துக்கு அது தூரத்துச் சொந்தம். ஆண் வேடமிட்டு ஆட்டம் பார்க்கப் போய்ப் பிடிபட்ட சஹர் கோடயாரி என்ற இளம்பெண், சிறைத் தண்டனை வருமென்ற அச்சத்தில் 2019 செப்டம்பரில் நீதிமன்ற வாசலில் தீக்குளித்து இறந்துபோனார். மறுமாதம், அக்டோபர் 10, தெஹ்ரானின் ஆசாதி அரங்கத்தில் கம்போடியாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்குச் சுமார் 3,500 பெண்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போனார்கள். ஈரான் 14-0 என்று வென்றது. சவுதி அரேபியாவும் 2018 ஜனவரியில் பெண்களுக்கு அரங்கத்தைத் திறந்துவிட்டது. இந்த வரிசையில் உலகம் ஒரு பக்கமாக நடந்துகொண்டிருக்கும்போது செட்டிநாட்டில் ஒரு பொட்டல் எதிர்ப்பக்கமாகப் புறப்பட்டிருக்கிறது.

அதுவும் எந்த நேரத்தில்! இந்திய ஆண்கள் அணி அந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பியது. பெண்கள் அணி 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாயில், தாய்லாந்தையே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாக முதல்முறையாகத் தன் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பை 2018இலும் 2023இலும் வென்றவர்கள். பக்கத்து மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. பந்தைத் தொட்டுப் பரிசு வாங்கலாமாம். பந்தை நேரில் பார்க்கத்தான் கூடாதாம்.

இனி நான் கேட்பவை. அந்தக் குறிப்பை நீக்கிப் புதிய நோட்டீஸ் அடியுங்கள். பழைய நோட்டீசின்மேல் தாள் ஒட்டி மறைப்பது போதாது. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருந்த அந்த இருட்டு மூலையை எங்களுக்குத் திருப்பித் தர வேண்டாம். கிழக்குப் பக்க கேலரியில் நடுக்கோட்டுக்கு நேராகப் பெண்களுக்கும் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். அதே டிக்கெட் விலை, எல்லாத் தெருவுக்கும் ஒரே வாசல், யாருக்கும் முன்னுரிமைச் சீட்டு கிடையாது. அந்தப் பகுதியின் பின்புறத்துக்கு இரண்டு விளக்குகள் போடுங்கள். பொட்டலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை உள்ள பாதைக்கும் அன்றைய இரவுகளில் வெளிச்சம் வேண்டும்.

கழிப்பறை வசதிக்கு, பொட்டலுக்கு எதிரில் இருக்கும் பள்ளியே போதும். தலைமையாசிரியருக்கு எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். சுத்தம் செய்கிறவருக்குக் கூலியும் தண்ணீர் லாரிக்குப் பணமும் விழாக் கணக்கில் எழுதுங்கள். பரிசுக் கோப்பையின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும்.

குடித்துவிட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். உள்ளே வந்து எதையாவது வீசினால் அவரை வெளியே அனுப்புங்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர் நன்கொடையாளரின் மருமகனாக இருந்தாலும் இதேதான். இந்த விதியைத் தொடக்க நாளிலும் இறுதி நாளிலும் மைக்கில் சொல்லுங்கள். போன ஆண்டு எங்களை வீட்டுக்குப் போகச் சொன்ன அதே மைக்கில், அந்த மாணவிக்கும் அவள் அம்மாவுக்கும் குழுவின் சார்பில் வருத்தம் தெரிவியுங்கள். பெயர் சொல்ல வேண்டாம். அவர்களுக்குப் புரியும், ஊருக்கும் புரியும்.

குழுவில் இரண்டு பெண்களைச் சேருங்கள். பூங்கொத்துக் கொடுக்கவும் குத்துவிளக்கு ஏற்றவும் அல்ல. இட ஒதுக்கீட்டையும் கணக்கையும் பார்க்க. உடற்கல்வியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. அங்கே விசாரித்து, கோட்டோரக் கொடி பிடிக்கத் தகுதியுள்ள ஒரு பெண்ணையாவது இந்த ஆண்டு அழையுங்கள். இறுதி ஆட்டத்துக்கு முன்பு வழக்கமாகப் பேச்சாளர்களுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைப் பள்ளி மாணவிகள் அணிக்குக் கொடுத்து ஓர் ஆட்டம் ஆடவிடுங்கள். பேச்சு குறைந்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியும்.

வழக்கம்போல் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவீர்கள். வாசலுக்கு வந்து பணத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான் என்பது உங்கள் ரசீதுப் புத்தகத்துக்கே தெரியும். எங்கள் தெருப் பெண்களோடு பேசினேன். இந்தக் கோரிக்கைகளுக்கு எழுத்தில் பதில் வந்து, அது ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்வரை இந்த ஆண்டு நன்கொடை கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். தோஹாவில் இருக்கும் என் மகனுக்கும் உங்கள் வேண்டுகோள் வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது. பதிலைப் படம் எடுத்து அவனுக்கும் அனுப்பிவையுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்